பால் கக்கும் குழந்தைக்குக் காது ஏன் சீழ் பிடிக்கிறது?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 16 மாதம். ஆறு மாதத்தில் நான்கு முறை காதுவலி, காய்ச்சல். இரண்டு முறை வலது காதில் சீழே வடிந்துவிட்டது. பிறந்ததிலிருந்தே பால் கக்குகிறவன். வயிற்று அமிலம் காதுக்கு ஏறுவதுதான் காரணம், அமில மருந்து கொடுத்தால் நின்றுவிடும் என்கிறாள் என் தோழி. பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் விடச் சொல்கிறார் மாமியார். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவதும் இல்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில் எண்ணெய். வேண்டவே வேண்டாம் அம்மா. சீழ் வடிந்தது என்றால் செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கிறது. அது மூடிவிட்டதா என்று பார்க்காமல் எதை விட்டாலும் நேரே நடுக்காதுக்குள் போகும். மாமியாரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

உங்கள் தோழி சொன்னதில் பாதி சரி. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது நீளமாக, சரிவாக இருக்கும். குழந்தைக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுக்கை வாக்கில் இருக்கும். படுத்திருக்கும்போது எதுக்களித்து வரும் பால் தொண்டையைத் தாண்டி மூக்கின் பின்புறம் வரை வந்தால், அந்தக் குழாயின் வாயை வீங்க வைக்கும்; கொஞ்சம் உள்ளேயும் போகலாம். 2002-ல் இங்கிலாந்தில் காதில் நீர் கோத்திருந்த 54 குழந்தைகளின் நடுக்காது நீரைச் சோதித்தார்கள். 45 பேருடையதில் பெப்சின் இருந்தது. வயிற்றில் சுரக்கும் செரிமானப் பொருள் அது, காதில் அதற்கு வேலையே இல்லை. பிறகு வந்த ஆய்வுகளில் இந்த அளவு கூடியும் குறைந்தும் இருந்தது. ஆனால் தொடர்பு இருக்கிறது.

அதற்காக அமில மருந்தைத் தொடங்கிவிடாதீர்கள். அது அமிலத்தைக் குறைக்குமே தவிர, பால் மேலேறுவதை நிறுத்தாது. அதைக் கொடுத்தால் காதுத் தொற்று குறையும் என்பதற்குப் போதிய ஆதாரமும் இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, நிமோனியா வரும் வாய்ப்பைக் கூட்டலாம் என்பதால் காது ஒன்றுக்காக நான் எழுதிக் கொடுப்பதில்லை. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கக்குவது தானே நின்றுவிடும். எடை ஏறவில்லை, பச்சையாகவோ ரத்தமாகவோ வாந்தி வருகிறது என்றால் அது வேறு கதை. உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

உங்களைப் போல வரும் அம்மாக்களிடம் நான் வழக்கமாக ஒன்று கேட்பேன்: "பையில் பாட்டில் இருக்கா? இங்கேயே கொடுத்துக் காட்டுங்க." போன மாதம் ஓர் அம்மா மகளை மடியில் மல்லாக்கப் போட்டு, பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்த்தார். குழந்தை மடக் மடக்கென்று விழுங்கியது, கடைவாயில் பால் வழிந்து காது மடல் வரை ஓடியது. ராத்திரி எப்படி என்றேன். பாட்டிலைத் தலையணையில் முட்டுக் கொடுத்து வைத்துவிடுவாராம், அப்படியே தூங்கிவிடுமாம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் பெண், அவரை எப்படிக் கோபிப்பது? ஆனால் அந்தப் பழக்கம்தான் மாற வேண்டும்.

உங்கள் மகனுக்கு இனி பாட்டிலே வேண்டாம், டம்ளருக்கு மாற்றுங்கள். உட்கார வைத்துக் கொடுங்கள். குடித்ததும் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். ராத்திரி பாட்டிலுக்கு நாலு நாள் அழுவான், அப்புறம் சரியாகிவிடும். அப்புறம் புகை. வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் அது பால் கக்குவதைவிடப் பெரிய காரணம். கதவைச் சாத்திய அறையில் கொசுவத்தி ஏற்றுவதையும் விட்டு, வலை கட்டுங்கள். காதில் சீழ் பிடிக்க வைக்கும் கிருமிகளில் ஒன்றுக்கு எதிரான நியூமோகோக்கல் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். காதுக்குப் பின்னால் வீங்கினால், காய்ச்சலோடு குழந்தை துவண்டுபோனால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. வலியும் காய்ச்சலும் போன பிறகும் உள்ளே கோந்து போல நீர் தங்கி நிற்கலாம். அப்போது நாம் பேசுவது அவனுக்குத் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலத்தான் கேட்கும். பேச்சு வரும் வயது இது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வடிந்துவிடும். ஆனால் உங்கள் பையனுக்கு நான்கு முறை வந்துவிட்டதால் அதுவரை பொறுக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, செவிப்பறையைப் பார்க்கச் சொல்லுங்கள், செவித்திறன் சோதனையும் செய்யுங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

போவதற்கு முன் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அவன் விளையாடும்போது பின்னால் நின்று, அவன் கண்ணில் படாமல், மெல்லிய குரலில் பெயரைக் கூப்பிடுங்கள். வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை. எந்தப் பக்கம் திரும்பினான் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.