ரவுட்டரில் போர்ட் திறப்பது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், போர்ட் டிரிக்கரிங் என்று இரண்டு இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: வீட்டிலுள்ள போன், டிவி, லேப்டாப் எல்லாமே ஒரே பொது ஐபி முகவரியில்தான் வெளியே போகின்றன. உள்ளிருந்து போன கேள்விக்குப் பதில் வந்தால் யாரிடம் சேர்ப்பது என்று ரவுட்டருக்குத் தெரியும். வெளியிலிருந்து புதிதாக ஓர் இணைப்பு வந்தால் தெரியாது, தள்ளிவிடும். போர்ட் என்பது இணைப்பு எந்தச் செயலிக்கு என்று காட்டும் எண். 'இந்த எண்ணில் வந்தால் இந்தக் கருவிக்குக் கொடு' என்று நிலையாக எழுதிவைப்பது ஃபார்வர்டிங்.

டிரிக்கரிங்கில் கருவியின் முகவரியே கிடையாது. ஒரு கணினி குறிப்பிட்ட போர்ட்டுக்கு வெளியே போனால், அந்தக் கணினிக்கு மட்டும் உள்வரும் போர்ட் திறக்கும். போக்குவரத்து நின்று கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். பழைய ஐஆர்சி அரட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6667-இல் சர்வரைத் தொட்டதும், ஆளைச் சரிபார்க்க சர்வர் உங்கள் 113-ஆம் போர்ட்டைத் தேடி வரும். அதற்காகவே அமைந்தது போல இருக்கும் டிரிக்கரிங். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு கணினிக்குத்தான் அது உதவும். நாள் முழுக்க காத்திருக்கும் சர்வருக்கு ஃபார்வர்டிங்தான்.

கேள்வி: சார், பையன் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் வைத்திருக்கிறான். போர்ட் திறந்து கொடுத்தேன், நண்பர்கள் வந்து விளையாடினார்கள். கரண்ட் போய் வந்த பிறகு யாராலும் வர முடியவில்லை.

பதில்: கணினியின் உள் முகவரி மாறியிருக்கும். நீங்கள் எழுதியது 192.168.1.5-க்கு என்றால், ரவுட்டர் மறுபடி எழுந்ததும் அதே கணினிக்கு 192.168.1.8 கொடுத்திருக்கலாம். முதலில் டிஹெச்சிபி (ரவுட்டர் உள் முகவரிகளைப் பங்கிடும் முறை) பக்கத்தில் ரிசர்வேஷன் போடுங்கள்: அந்தக் கணினியின் மேக் முகவரிக்கு (அதன் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) எதிரே 192.168.1.50 என்று எழுதிவிட்டால் அப்புறம் மாறாது. பிறகு ஃபார்வர்டிங்கில் வெளி போர்ட் 25565, உள் போர்ட் 25565, வகை டிசிபி, முகவரி 192.168.1.50. விண்டோஸ் ஃபயர்வாலிலும் ஜாவாவுக்கு அனுமதி வேண்டும்.

சோதிக்கும்போது வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு பொது முகவரியைத் தட்டாதீர்கள். பல ரவுட்டர்களில் அது திரும்பி உள்ளே வராது. மொபைல் டேட்டாவில் பாருங்கள், அதுவும் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது. கேட்க ஆள் இல்லாத போர்ட், ரூல் எவ்வளவு சரியாக இருந்தாலும் மூடியதாகவே தெரியும். பொது முகவரியும் மாறியிருக்கலாம்; நண்பர்களுக்குப் புதியதைச் சொல்லுங்கள், அல்லது முகவரி மாறினாலும் ஒரே பெயரில் வந்து சேரவைக்கும் டைனமிக் டிஎன்எஸ் சேவை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதெல்லாம் செய்தாகிவிட்டது. இன்னும் திறக்கவில்லை. ரவுட்டர் பழுதா?

பதில்: ரவுட்டரை மாற்றப் பணம் செலவழிக்காதீர்கள். ஸ்டேட்டஸ் பக்கத்தில் இன்டர்நெட் ஐபி என்று இருப்பதைப் பாருங்கள். அது 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால், இன்டர்நெட் நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அதனால்தான் 2012-இல் இதற்கென்றே அந்த வரிசையை ஒதுக்கினார்கள். பூட்டு உங்கள் வீட்டில் இல்லை, அவர்களிடம் இருக்கிறது. பொது ஐபி தர முடியுமா என்று கேளுங்கள், சில இடங்களில் மாதக் கட்டணம் இருக்கும். புதிய முகவரி முறையான ஐபிவி6 இருந்தால் அதுவும் ஒரு வழி. அங்கே ஃபார்வர்டிங் வேண்டாம், ஃபயர்வாலில் அனுமதித்தால் போதும்.

192.168 என்று காட்டினால் பெரும்பாலும் ஃபைபர் பெட்டியும் ரவுட்டர் வேலை செய்கிறது, உங்களுடையதும் செய்கிறது. பெட்டியை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: கடையில் கேமரா மாட்ட வந்தவர் 80, 554, 8000 என்ற மூன்று போர்ட்டையும் திறந்துவிட்டுப் போனார். வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இருக்கிறது. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். நீங்கள் பார்க்கத் திறந்த வழியில் உலகமே தட்டிப் பார்க்கலாம், ஓயாமல் தட்டவும் செய்கிறார்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களிலும் டிவிஆர்களிலும் (கேமராப் பதிவுப் பெட்டிகள்) புகுந்து படை சேர்த்தது. அந்த அக்டோபரில் டைன் நிறுவனத்தின், தளப் பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சர்வர்களைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. யாருக்கும் தெரியாத எண்ணுக்கு மாற்றினால் போதும் என்பார்கள். இருப்பதே 65,535 எண்கள். அத்தனையையும் தேடிப் பார்ப்பது நிரலுக்குப் பெரிய வேலை இல்லை.

இன்றே மூன்றையும் மூடுங்கள், டிவிஆர் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கடை ரவுட்டரில் வயர்கார்டு (வெளியிலிருந்து உள்ளே பாதுகாப்பான வழி தரும் விபிஎன்) இருந்தால் அதை இயக்கி, போனில் அதன் செயலியைப் போடுங்கள். வழக்கமாக யூடிபி 51820 ஒன்று மட்டும் திறந்திருக்கும்; சரியான சாவி இல்லாமல் வருபவருக்கு அது பதிலே சொல்லாது. கடைக்குள் இருப்பது போலவே கேமராவைப் பார்க்கலாம்.

கேள்வி: ரவுட்டரில் டிஎம்இசட் என்ற இடத்தில் கணினியைப் போட்டால் ஒரே அடியில் முடிந்துவிடுமாமே?

பதில்: வேறு ரூல் இல்லாத எல்லா போர்ட்டும் அந்தக் கணினியின் மேல் திறந்துவிடும். வேண்டாம், தம்பி.

கேள்வி: இரண்டு எக்ஸ்பாக்ஸ் இருக்கின்றன. அதற்கான 3074 போர்ட்டை இரண்டுக்கும் எழுத முடியவில்லை.

பதில்: ஒரு வெளி போர்ட் ஒரு கருவிக்குத்தான். இங்கே ரவுட்டரில் உள்ள யூபிஎன்பி என்ற வசதி உதவும். ஒவ்வொரு கன்சோலும் தனக்கு வேண்டியதை ரவுட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவி கேட்டாலும் அது பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கும். அதனால் எது எதைத் திறந்திருக்கிறது என்ற பட்டியலை அதே பக்கத்தில் அவ்வப்போது பாருங்கள். கன்சோல் அல்லாத பெயர் வந்தால் முதலில் யூபிஎன்பியை நிறுத்திவிட்டு அந்தக் கருவியைக் கவனியுங்கள்.