பூவுக்குப் பவுடர் போட்ட பாட்டி

(இயற்கை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், தோட்டப் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற, மலேசியாவின் குளுவாங் ஊர் ஆசிரியர்.)

கேள்வி: ஐயா, மைலோ டின்னில் ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சியை அனுப்பியிருந்தேன். கிடைத்ததா? என்ன வகை?
– வாசகர், லாயாங் லாயாங்

பதில்: கிடைத்தது. இரண்டு நாள் எங்கள் குளிர்பெட்டியின் உறைபகுதியில், இறால் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அருங்காட்சியகங்களிலும் புதிதாக வரும் பூச்சியை முதலில் உறைய வைப்பார்கள். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சின்ன வண்டுகள் சாகாவிட்டால், பழைய சேகரிப்பையும் சேர்த்துத் தின்று தீர்த்துவிடும். இதை என் மனைவியிடம் விளக்கினேன். அவருக்கு விளக்கம் போதவில்லை.

வந்தது வண்ணத்துப்பூச்சி அல்ல, அந்துப்பூச்சி. அட்லஸ் என்று பெயர். சிறகு நுனி பாம்புத் தலை போலவே இருக்கும், பாருங்கள். இதற்கு இரை உண்ணும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்து ஒரு வாரம் போல வாழ்ந்துவிட்டுச் செத்துவிடும். எல்லாம் சரி, எங்கே, என்றைக்குப் பிடித்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லையே? கோயில் விளக்கடியிலா, தோட்டத் தொழிலாளர் லயத்துச் சுவரிலா? இடமும் தேதியும் எழுதாத பூச்சியை எந்த அருங்காட்சியகமும் வாங்காது. நானும் வாங்குவதாக இல்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்து ஆந்தைப் பெட்டிக்குக் கீழே கட்டைவிரல் அளவில் கறுப்பு உருண்டைகள் கிடக்கின்றன. எச்சமா?
– வாசகர், கூலாய்

பதில்: எச்சம் அல்ல, கக்கியது. பெட்டியில் குடியிருப்பது கூகை. எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டி வாய் வழியே வெளியே தள்ளிவிடும். கையுறை போட்டு எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, பல்குத்தும் குச்சியால் பிரித்துப் பாருங்கள். என் மாணவர்கள் பிரித்த ஓர் உருண்டையில் மூன்று எலி மண்டையோடுகள் இருந்தன. கூகை கத்தினால் சாவு வரும் என்று லயத்தில் சொல்வார்கள். வரும், எலிக்கு.

கேள்வி: அந்தக் காலத்தில் ‘செம்பனைப் பூவுக்குப் பவுடர் போடும் வேலை’ செய்ததாக என் பாட்டி சொல்கிறார். என் மகள் சிரிக்கிறாள். அப்படி ஒரு வேலை இருந்ததா?
– வாசகி, ரெங்கம்

பதில்: உங்கள் மகளை என்னிடம் அனுப்புங்கள். என் அம்மாவும் அந்த வேலைக்குப் போனவர்தான். செம்பனையின், அதாவது பாமாயில் தரும் மரத்தின், ஆண் பூவிலிருந்து மகரந்தத்தை உதிர்த்துக் காயவைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடர் போன்ற வெள்ளைத் தூளோடு கலந்து, பீச்சுகிற குப்பியில் அடைத்துக் கொடுப்பார்கள். நிரை நிரையாக நடந்து, மலர்ந்த பெண் பூவைத் தேடி, முள்ளை விலக்கிப் பீச்ச வேண்டும். பெண் பூ சில நாள்தான் தாங்கும். தவறவிட்டால் குலையில் காய் பிடிக்காது. அம்மா வீடு திரும்பும்போது புருவம் வரை வெள்ளையாக இருக்கும், சட்டையில் சோம்பு வாசம் அடிக்கும். பவுடர் வாசம் என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். அது பூவின் வாசம்.

செம்பனை ஆப்பிரிக்க மரம். 1848-இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோருக்கு வந்தன. 1917-இல் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராக நட்டார்கள். (பெயரைக் கவனித்தீர்களா? தென்னமரத்தில் செம்பனை!) மரம் வந்ததே தவிர, அதன் கூட்டாளி வரவில்லை. மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோகிறது என்று பெரியவர்கள் நம்பிக்கொண்டிருந்தபோது, பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையது கேமரூனில் மரத்தடியில் நின்று பார்த்து, அரிசி மணியைவிடச் சிறிய ஒரு கூன்வண்டு செய்கிற வேலை என்று கண்டார். வண்டு ஆண் பூவில் தின்று, முட்டையிட்டுப் பெருகும். பெண் பூவும் அதே சோம்பு வாசத்தை வீசி அதை ஏமாற்றி வரவழைக்கும். உடம்பெல்லாம் மகரந்தத்தோடு வந்த வண்டு, தின்ன ஒன்றும் கிடைக்காமல் திரும்பும். வேறு பயிரில் வாய் வைக்காது என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1981 பிப்ரவரியில் அதை மலேசியாவில் முதன்முதலாக விட்டார்கள். எங்கே? இங்கே, நம் குளுவாங்கில்.

அதன் பிறகு பவுடர் வேலை கொஞ்ச காலத்தில் நின்றுபோனது. தோட்டங்களுக்கு விளைச்சல் கூடியது. என் அம்மாவோ கடைசிவரை அதை ‘என் பிழைப்பைத் தின்ற பூச்சி’ என்றுதான் சொன்னார். வண்டுக்கு எலெய்டோபியஸ் கமெருனிகஸ் என்று லத்தீன் பெயர் வைத்து, ஊசி குத்திப் பாதுகாக்கிறார்கள். அம்மா பிடித்த குப்பியை எந்தக் கண்ணாடிப் பேழையிலும் நான் பார்த்ததில்லை. பாட்டி வீட்டில் ஒன்று கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, நாள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் குப்பியின் கழுத்தில் கட்டிவிடுங்கள்.

கேள்வி: சிறுவயதில் சிங்கப்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்த திமிங்கில எலும்புக்கூடு எங்கே போனது?
– வாசகர், பாலோ

பதில்: அது நம் நாட்டுக்காரர். 1892-இல் மலாக்காவுக்குத் தெற்கே கரை ஒதுங்கியது. நீளம் 42 அடி. 1907 முதல் 1974 வரை ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தது. பிறகு கோலாலம்பூருக்குக் கொடுத்துவிட்டார்கள், அங்கிருந்து லாபுவான் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது சிங்கப்பூரின் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பது வேறு. அம்பர் என்ற வாசனைப் பொருளைத் தரும் இனத்தைச் சேர்ந்த பெண் திமிங்கிலம், 10.6 மீட்டர். 2015 ஜூலை 10 அன்று ஜூரோங் தீவுக்கு அருகே செத்து மிதந்தது. வயிற்றில் கணவாய் அலகுகளோடு பிளாஸ்டிக் குவளையும் கிடந்தது. இடம், தேதி, நீளம், வயிற்றில் இருந்தது வரை எழுதிவைத்திருக்கிறார்கள். லாயாங் லாயாங் வாசகர் கவனிக்க.

லாபுவானுக்கு விமான டிக்கெட் என்ன விலை என்று நேற்று விசாரித்தேன். மனைவி இன்னும் அந்த இறாலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்.