தேஜஸ் விமானத்துக்கு வாலில் படுக்கைவாட்டுச் சிறகு இல்லையே, மூக்கை எப்படித் தூக்குகிறது?

நல்ல கேள்வி. சாதாரண விமானத்தில் வேலை பிரிந்திருக்கும்: மூக்கை ஏற்றி இறக்க வாலில் எலிவேட்டர் என்ற அசையும் தகடு, பக்கவாட்டில் சாய இறக்கையில் எய்லரான் என்ற அசையும் தகடு. தேஜஸில் இரண்டையும் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் எலிவான்களே செய்கின்றன.

ஒரு காகித விமானம் மடித்துப் பாருங்கள். பின்விளிம்பை இருபுறமும் கொஞ்சம் மேலே மடித்தால் பின்பக்கம் அமுங்கி மூக்கு எழும்பும். இடது பக்கத்தை மட்டும் மேலே மடித்து வலதைக் கீழே மடித்தால் இடப்பக்கம் சாயும். அவ்வளவுதான் எலிவான்!

சரி, விமானி மூக்கைத் தூக்கிக்கொண்டே இடப்பக்கம் திரும்ப நினைத்தால்? மூக்குக்காக இரண்டும் 6 டிகிரி மேலே, சாய்வதற்காக இடது 4 மேலே, வலது 4 கீழே என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் இடது 10, வலது 2. இந்தக் கணக்கை விமானி போடுவதில்லை. கட்டுப்பாட்டுக் குச்சியை அசைத்தால் கணினி போட்டுக்கொள்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. தரையிறங்கும்போது எலிவான் மேலே நிமிர்ந்தால் இறக்கையின் தூக்குவிசை குறையும். அதனால் மூக்கை நன்றாக உயர்த்தித்தான் இறங்க வேண்டும். 6 எலிவான்கள் கொண்ட கான்கார்டு என்ற அதிவேகப் பயணிகள் விமானம் இறங்கும்போது மூக்கு முனையைக் கீழே மடக்கியது இதனால்தான். இல்லாவிட்டால் விமானிக்கு ஓடுபாதையே தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்தது 1947-இல் வந்த பீச்கிராஃப்ட் பொனான்சா என்ற சிறிய விமானம். அதன் 'வி' வடிவ வாலில் எலிவேட்டரும், மூக்கை இடம் வலமாகத் திருப்பும் சுக்கானும் ஒன்றாகிவிட்டன. கூட்டல் கழித்தல் அதேதான், ஆனால் அங்கே கணினி இல்லை. எல்லாம் கம்பியும் நெம்புகோலும்தான்.