போட்டி ரோபோவுக்கு கியர் மாற்றும் வசதி எதற்கு?

பள்ளி மாணவர் அணிகள் ரோபோ செய்து மோதும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் ஓடும் ரோபோக்களில், மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே கியர்பாக்ஸ் இருக்கும். ஓடும்போதே அதற்குள் வேறு பல்சக்கர ஜோடிக்குத் தாவுவதுதான் கியர் மாற்றம். பெரும்பாலும் காற்றழுத்த சிலிண்டர் ஒன்று அதைச் செய்யும்.

மோட்டாரின் திறனுக்கு ஓர் அளவு உண்டு. அதை வேகமாக வாங்கலாம், அல்லது தள்ளும் விசையாக வாங்கலாம். இரண்டையும் ஒருசேர முழுதாக வாங்க முடியாது. சுமார் 16.5 மீட்டர் நீள மைதானத்தைக் கடக்க வேகம் வேண்டும். 50 கிலோவுக்கு மேல் கனக்கும் எதிரணி ரோபோ மறித்தால் விசை வேண்டும். அப்போதும் வேகத்துக்கான மேல் கியரிலேயே முட்டினால் மோட்டார் திணறும், மின்னோட்டம் எகிறும். 12 வோல்ட் பேட்டரி 6-7 வோல்ட் அளவுக்குச் சரிந்தால், கட்டுப்பாட்டுக் கணினியே மோட்டார்களைத் துண்டித்துவிடும். என்னைக் கேட்டால், இதைத் தவிர்ப்பதுதான் விசைக்கான கீழ் கியரின் பெரிய பயன்.

மலைச்சாலை ஏற்றத்தில் பைக்கை நான்காம் கியரில் முறுக்கிப் பாருங்கள், அதே திணறல் தெரியும்.

கீழ் கியர் போட்டால் எதையும் தள்ளிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சக்கரம் வழுக்கத் தொடங்கிவிட்டால் கியரால் பயனில்லை, அங்கே எல்லை வகுப்பவை ரோபோவின் எடையும் சக்கரத்தின் பிடிப்பும்தான்.