மாத்திரை போட்டால் வயிறு கலங்குகிறது, லோக்கல் ரயிலில் எப்படிப் போவது?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 44. மும்பைக்குப் பக்கத்தில் டோம்பிவிலியில் குடியிருக்கிறோம். ஃபோர்ட் பக்கம் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை வெறும் வயிற்றில் 178, சாப்பிட்ட பின் 264, மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1சி.) 8.4 என்று வந்தது. மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு வேளையும் 1000 ஆக்கினார்கள். அன்றிலிருந்து தினமும் வயிற்றுப்போக்கு, குமட்டல், நாக்கில் இரும்பை வைத்தது போல ஒரு ருசி. விடியற்காலை காபியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு 7 மணி வண்டியைப் பிடிப்பேன். டிஃபன் அலுவலகம் போய்த்தான். ஒருநாள் ஓடுகிற வண்டியில் அடக்க முடியாமல் குர்லாவில் இறங்கி ஓடினேன். அந்த அவமானத்தை என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டு, நாத்தனார் கொடுத்த சிறுகுறிஞ்சான் பொடியும் வெந்தயமும் சாப்பிடுகிறேன். அந்த மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்கிறார் மாமியார். டாக்டர் ஆண். அவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? புரட்டாசி சனிக்கிழமை விரதம் வேறு உண்டு. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வயிற்றுப்போக்கு இல்லை. நீங்கள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியதுதான். 8.4 உள்ளவர் சும்மா இருந்தால் உடம்பு ஒன்றும் சொல்லாது. இரண்டு வாரத்தில் வயிறு சரியாகி, முன்பை விட நன்றாக இருப்பதாகக்கூடத் தோன்றும். சர்க்கரை அந்த அமைதிக்குள்தான் கண்ணிலும் காலிலும் கிட்னியிலும் வேலை செய்கிறது. அதனால் இந்த வாரத்துக்குள் அந்த டாக்டரிடம் திரும்பப் போங்கள். அதற்கு முன் நீங்களாக விட்ட இடத்திலிருந்து, அதாவது 1000 மி.கி.யிலிருந்து, மறுபடி ஆரம்பிக்காதீர்கள். இடைவெளி விட்ட பிறகு சிறிய அளவில்தான் தொடங்க வேண்டும். அதை அவர் சொல்லட்டும்.

உங்களுக்கு வந்தது மெட்ஃபார்மினின் மிகச் சாதாரணமான பக்கவிளைவு. புதிதாகத் தொடங்குகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வயிற்றில் ஏதாவது ஒரு தொந்தரவு வருகிறது. பேதி, குமட்டல், உப்புசம், பசியின்மை, நீங்கள் எழுதியிருக்கும் அந்த இரும்பு ருசி, எல்லாம் இதில் அடக்கம். ஆனால் எந்த வகையில் கொடுத்தாலும் மருந்தே ஒத்துக்கொள்ளாது என்று கைவிட வேண்டியவர்கள் நூற்றில் ஐந்து பேர் அளவுதான். மற்றவர்களுக்கு அளவையும் நேரத்தையும் மாத்திரையின் வகையையும் மாற்றினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். சில வாரங்களில் குடலும் பழகிக்கொள்ளும்.

ஏன் வயிற்றை மட்டும் பிடித்துக்கொள்கிறது என்று கேட்பீர்கள். இந்த மருந்து முக்கியமாகக் கல்லீரலில் வேலை செய்கிறது. இரவெல்லாம் கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை ரத்தத்தில் விடுவதைக் குறைக்கிறது. ஆனால் விழுங்கிய மாத்திரை முதலில் குடலைக் கடந்துதானே போக வேண்டும்? குடல் சுவரில் இது சேரும் அளவு ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு. பித்தநீரில் உள்ள உப்புகளைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்வதையும் இது குறைக்கிறது. அவை பெருங்குடலில் தங்கித் தண்ணீரை இழுக்கின்றன. அதனால்தான் அவசரமாக, தண்ணீராகப் போகிறது. ஆகவே உடம்பு மருந்தை ஏற்க மறுக்கிறது என்றோ உங்களுக்கு ஏதோ பெரிய கோளாறு என்றோ நினைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்திலேயே இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, அளவு ஒரே வாரத்தில் இரட்டிப்பானது. வழக்கமாக இதை இரவுச் சாப்பாட்டோடு ஒரு 500 என்று தொடங்கி, ஒன்று இரண்டு வாரம் பொறுத்து, வயிறு ஒத்துழைத்தால் மட்டும் அடுத்த 500-ஐச் சேர்ப்போம். சிலருக்கு வேகமாக ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது. உங்களுக்கு ஆகிவிட்டது. இரண்டு, காபியோடு போட்டது. காபி சாப்பாடு ஆகாது. வெறும் வயிற்றில் மாத்திரை இறங்கி, அடுத்து ஒன்றரை மணி நேரம் கழிப்பறை இல்லாத வண்டியில் நின்றுகொண்டு வருகிறீர்கள். எந்த வயிறாக இருந்தாலும் குர்லாவைத் தாண்டியிருக்காது. மாத்திரையைச் சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்டு முடித்த உடனேயோ போட வேண்டும். காலையில் வீட்டில் சாப்பிட நேரமில்லை என்றால், காலை மாத்திரையை அலுவலகத்தில் டிஃபனோடு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்.

இன்னொன்றையும் தவறாமல் கேளுங்கள். நீங்கள் சாப்பிட்டது சாதாரண மெட்ஃபார்மினா, எஸ்.ஆர். என்று போட்டதா? அட்டையின் பின்னால் பெயரோடு எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று ஏதாவது இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. மருந்து ஒரேயடியாகக் குடலில் கொட்டாமல் சிறுகச் சிறுக வெளிவருவதால் பலருக்கு வயிறு இதில் அமைதியாகிவிடுகிறது. பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டோடு ஒரே வேளையாகவும் எடுத்துக்கொள்ளலாம். விடியற்காலை வண்டி பிடிக்கிற உங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. விலையும் அதிகமில்லை, அரசின் மலிவு விலை மருந்துக் கடைகளான ஜன் ஔஷதி கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் அதைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது, முழுசாக விழுங்க வேண்டும். சில சமயம் மலத்தில் மாத்திரையின் கூடு அப்படியே வெளியே வரும். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, காலிக் கூடுதான் அது. பயந்து இன்னொன்று போட்டுவிடாதீர்கள்.

புதிதாகத் தொடங்கும்போதும், பிறகு அளவைக் கூட்டும்போதும், அந்த முதல் மாத்திரையைச் சனிக்கிழமை இரவில் போடுங்கள். மறுநாள் வீட்டில் இருப்பீர்கள், வயிறு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அந்த முதல் சில நாட்களுக்கு எண்ணெய்ப் பலகாரம், வடாபாவ், காரக்குழம்பு இவற்றைத் தள்ளிவைத்து இட்லி, அளவான மோர்சாதம், பாசிப்பருப்புக் கூட்டு என்று லேசாகச் சாப்பிடுங்கள். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் இனிப்புகளிலும் சூயிங் கம்மிலும் சார்பிட்டால் போன்ற பொருட்கள் இருக்கும். அவை தனியாகவே பேதியாக்கக்கூடியவை. வெந்தயமும் அப்படித்தான். அதில் நார் அதிகம். மாத்திரையால் ஏற்கெனவே கலங்கியிருக்கும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயமும் சேர்ந்தால் உப்புசம் கூடும். வயிறு நிலைப்பட்ட பிறகு சமையலில் வழக்கம் போலச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும் குணம் உண்டு என்பதால்தான் சொல்கிறேன், அதை டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிடாதீர்கள். மாத்திரையோடு சேரும்போது கணக்கு மாறும். 8.4-க்கு அது மாத்திரையின் இடத்தில் நிற்கவும் நிற்காது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வழியில் அவசரம் வந்துவிடுமோ என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களை இந்த ஊரில் நிறையப் பார்க்கிறேன். லேடீஸ் டப்பாவில், அதாவது ரயிலின் பெண்கள் பெட்டியில், வரும் பாதிப் பேர் வீட்டில் குடித்த ஒரு டம்ளரோடு மதியம்வரை ஓட்டுகிறார்கள். ஸ்டேஷன் கழிப்பறைகள் இருக்கும் நிலையில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வயிற்றுப்போக்கும் இருந்து தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் கிட்னிக்கு ரத்த ஓட்டம் குறையும். மெட்ஃபார்மின் கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது தேங்கக்கூடாது. அதனால் தண்ணீர் குடியுங்கள்.

இப்போது உங்கள் மாமியாரின் கேள்வி. அவர் பயப்படுவதில் அக்கறை இருக்கிறது. அதனால் கோபப்படாமல் இதை அவரிடம் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் கெடுக்கின்றன. ஏற்கெனவே கிட்னி பழுதானவருக்கு இந்த மருந்து வெளியேறாமல் தங்கிவிடும் என்பதால் அளவைக் குறைக்கிறோம், அல்லது கொடுப்பதே இல்லை. இதுதான் வாய்மொழியாகத் திரும்பி, மருந்துதான் கிட்னியைத் தின்றது என்று ஆகிவிட்டது. ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து அதிலிருந்து கிட்னி எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைக் கணக்கிடுவார்கள். அது 45-க்குக் கீழே இருந்தால் பொதுவாகப் புதிதாகத் தொடங்க மாட்டோம், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். உங்களுக்கு அந்தப் பரிசோதனை செய்தார்களா என்று ரிப்போர்ட்டைப் பாருங்கள், இல்லையென்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கடும் வாந்தி பேதி, காய்ச்சல் என்று படுத்துவிட்டால், அல்லது சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுப்பதாக இருந்தால், மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்து மிக அரிது, ஆனால் வருவது இப்படிப்பட்ட நேரங்களில்தான்.

இங்கிலீஷ் மருந்து என்று மாமியாருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் இதையும் சொல்லிப் பாருங்கள். மெட்ஃபார்மினின் பூர்வீகம் ஒரு மூலிகை. ஐரோப்பாவில் கலீகா என்ற செடியை நாட்டு வைத்தியத்தில் வெகுகாலம் பயன்படுத்தினார்கள். அதிலிருந்த, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் பொருளைத் தேடிப்போன ஆராய்ச்சியின் வழியில்தான் இந்த மருந்து கிடைத்தது. ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957-இல் இதை நோயாளிகளிடம் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார். 1998-இல் வெளிவந்த பிரிட்டனின் பெரிய ஆய்வில், எடை அதிகமான சர்க்கரை நோயாளிகளுக்கு இது மாரடைப்பையும் குறைத்தது தெரிந்தது. இத்தனை ஆண்டுகள் கோடிக்கணக்கானவர்கள் சாப்பிட்டுப் பார்த்த மருந்து என்பதால்தான் இதை அவ்வளவு சுலபமாகக் கைவிட எனக்கு மனமில்லை.

மாத்திரை திரும்ப வேலை செய்யத் தொடங்கியதும் இரண்டு விஷயங்கள் உங்களைப் பயமுறுத்தலாம். வெகுநாள் 250-இல் இருந்த உடம்புக்கு 120 என்பது குறைவாகத் தோன்றி, படபடப்பு, பசி, லேசான நடுக்கம் வரும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. அதனால் உடனே இனிப்பை வாயில் போடாமல் முடிந்தால் மீட்டரில் பாருங்கள். 70-க்கு மேல் இருந்தால் கொஞ்சம் உட்கார்ந்து, ஏதாவது சாதாரணமாகச் சாப்பிட்டால் போதும். பிறகு, பார்வை சில வாரம் மங்கலாகத் தெரியலாம். கண்ணின் லென்ஸில் இருக்கும் நீர் அளவு மாறுவதால் வருவது அது. அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி போட்டுவிடாதீர்கள், எண் மறுபடி மாறும். ஆனால் கண் டாக்டரிடம் விழித்திரையைச் சோதித்துக்கொள்வதை மட்டும் இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

எஸ்.ஆர். வகையிலும் வயிறு அடங்கவில்லை என்றால் வேறு மருந்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு, தேர்ந்தெடுக்கும்போது உங்கள் ரயில் பயணத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது, ஆனால் அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருக்கும், பெண்களுக்கு அந்தரங்க இடத்தில் பூஞ்சைத் தொற்றும் வரலாம். கிளிமிபிரைடு விலை குறைவு, வேகமாகச் சர்க்கரையைக் குறைக்கும், சாப்பாடு தவறினால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும். கிளிப்டின் வகை வயிற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

மெட்ஃபார்மினைத் தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது வைட்டமின் பி12 குறையலாம். நீங்கள் சைவமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். பாதத்தில் எரிச்சல், மரத்துப்போதல் வந்தால் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடாமல் பி12-ஐப் பார்க்கச் சொல்லுங்கள். நிற்காத வாந்தி, மலத்தில் ரத்தம், காய்ச்சலோடு பேதி, மூச்சு வாங்குதல், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.

கடைசியாக, ஆண் டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இந்த மருந்தை எழுதுகிற எந்த டாக்டரும் பேதியைப் பற்றிக் கேட்காத வாரம் இருக்காது. அவருக்கு இதில் வெட்கம் எதுவுமில்லை. நேரில் வாய் வரவில்லை என்றால் எனக்கு எழுதியதைப் போலவே ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். எந்த நேரம் மாத்திரை போட்டீர்கள், அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரத்தில் வயிறு கலங்கியது, எத்தனை முறை போனது, எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள். பொடி சாப்பிட்டதையும் எழுதுங்கள். அவர் திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். கேட்காமலே முகம் சுளித்தால் வேறு டாக்டரிடம் போவதில் தவறில்லை, சயான், கே.இ.எம். போன்ற பெரிய மாநகராட்சி மருத்துவமனைகளிலும் சர்க்கரைக்குப் பார்க்கிறார்கள்.

புரட்டாசி விரதத்தையும் அதே சீட்டில் சேர்த்துவிடுங்கள். ஒருவேளை மட்டும் சாப்பிடுவீர்களா, பழமும் பாலும் உண்டா, தண்ணீரும் குடிக்க மாட்டீர்களா என்பதைத் தெளிவாக எழுதினால்தான் அன்றைய மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது, எதை விடுவது என்று அவரால் சொல்ல முடியும். இப்போது மெட்ஃபார்மின் மட்டும்தான் என்பதால் பெரிய சிக்கல் இருக்காது. பின்னால் கிளிமிபிரைடு சேர்த்தார்கள் என்றால், முதல் சனிக்கிழமை வருவதற்கு முன்பே மறுபடி கேளுங்கள்.