குடிக்கிற தண்ணீர்தான் சிறுநீராக வருகிறதா? சிறுநீரகத்துக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். சிறுநீரகம் ரத்தத்தை எப்படி வடிகட்டுகிறது, குடிக்கிற தண்ணீர் நேராகச் சிறுநீராகிவிடுகிறதா, சிறுநீர் ஏன் மஞ்சளாக இருக்கிறது. நான் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். நோயாளியின் வீட்டார் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற கேள்விகளும் ஏறத்தாழ இவைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தண்ணீர்க் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். வயிற்றிலிருந்து சிறுநீரகத்துக்கு நேர்வழி எதுவும் கிடையாது. குடித்த தண்ணீர் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவிவிடுகிறது. சிறுநீர் உண்டாவது ரத்தத்திலிருந்து மட்டுமே. இப்போது குடித்த ஒரு சொம்புத் தண்ணீருக்கும் முக்கால் மணி கழித்து வருகிற சிறுநீருக்கும் சம்பந்தம் உண்டுதான். ஆனால் அந்தச் சம்பந்தத்தை நடத்திவைப்பது ஒரு ஹார்மோன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சிறுநீரகம் என்றதும் பலர் மனதில் வருவது ஒரு சல்லடை. ரத்தம் அதன் வழியாகப் போகும், அழுக்கு மட்டும் தனியே பிரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது வேறு. பெரும்பாலும் சிறுநீரகம் அழுக்கைத் தேடிப் பிடித்து எடுப்பதில்லை. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஒரு பங்கை நல்லது கெட்டது பார்க்காமல் வெளியே தள்ளிவிடுகிறது. அப்புறம் வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கிறது. அலமாரியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தால், உள்ளே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் தரையில் கொட்டி, தேவையானதை மட்டும் திரும்ப அடுக்குவோமே, அந்த மாதிரி. அடுக்காமல் தரையில் மிஞ்சியதுதான் சிறுநீர்.

எவ்வளவு கொட்டுகிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து எடை ஏறக்குறைய 300 கிராம். இதயம் நிமிடத்துக்குத் தள்ளுகிற 5 லிட்டர் ரத்தத்தில் 1 லிட்டருக்கு மேல் இந்த 300 கிராமுக்குப் போகிறது. அதிலிருந்து நிமிடத்துக்கு 125 மில்லி அளவு நீர் வடிகிறது. நாள் கணக்கில் 180 லிட்டர். உடம்பில் இருக்கிற பிளாஸ்மாவே, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியே, மொத்தம் 3 லிட்டர்தான் என்பதால், அதே பிளாஸ்மா ஒரு நாளில் 60 தடவை வடிந்து திரும்புகிறது என்று கணக்கு வரும். சிறுநீராக வெளியேறுவதோ ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரைதான்.

வடிகிற இடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன; எண்ணிக்கை ஆளுக்கு ஆள் நிறையவே வேறுபடும். ஒரு நெஃப்ரான் என்பது நீளமான நுண்குழல். அதன் முனையில் தந்துகிகள் என்கிற மிக மெல்லிய ரத்தக் குழாய்கள் பந்தாகச் சுருண்டு கிடக்கும். இதுதான் குளோமெருலஸ். மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் அதன் அளவு. அதைக் கவ்வியபடி இருப்பது பௌமன் கிண்ணம்.

உடம்பில் மற்ற இடங்களில் தந்துகிக்கு ஒரு பக்கம் தமனி, மறுபக்கம் சிரை. இங்கே இரண்டு பக்கமும் தமனிகள். ரத்தத்தைக் கொண்டுவருகிற நுண்தமனி அகலம், வெளியே கொண்டுபோவது குறுகல். போகிற வழி இறுக்கமாக இருப்பதால் உள்ளே அழுத்தம் ஏறி 60 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு நிற்கிறது. அது முழுவதும் வடிப்பதற்குக் கிடைத்துவிடாது. ரத்தத்தில் இருக்கிற புரதங்கள் தண்ணீரைத் தம் பக்கம் இழுத்துப் பிடிக்கும், கிண்ணத்துக்குள் ஏற்கெனவே வடிந்த நீரும் எதிர்த்துத் தள்ளும். எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 10 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு நாளைக்கு 180 லிட்டரைத் தள்ளுவது இந்தப் பத்துதான். ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினால் நுண்தமனிகளைச் சுருக்கியும் விரித்தும் சிறுநீரகமே சமாளித்துக்கொள்ளும். ஒரேயடியாக இறங்கினால் அந்த மிச்சமும் போய்விடும், சிறுநீர் நின்றுவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கொரு தரம் சிறுநீரை அளந்து எழுதிவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடிகட்டும் சுவர் மூன்று அடுக்கு. முதலில் தந்துகியின் சுவர். அதில் ஓட்டைகள் நிறைய, ஆனால் ரத்த அணுக்கள் நுழைய முடியாத அளவுக்குச் சின்னவை. அடுத்து ஒரு மெல்லிய சவ்வு. அதற்கு வெளியே போடோசைட் என்ற செல்கள், விரல்களைக் கோத்தாற்போல் தங்கள் கால்களைக் கோத்துக்கொண்டு தந்துகியை அணைத்து நிற்கின்றன. அந்தக் கால்களுக்கு நடுவே உள்ள சந்துகள் வழியாகத்தான் நீர் வெளியே வர வேண்டும். தண்ணீர், உப்பு, சர்க்கரை, அமினோ அமிலங்கள், யூரியா எல்லாம் தாராளமாக வந்துவிடும். அல்புமின் போன்ற புரதங்கள் பெரியவை. சுவரைப் போலவே அவையும் எதிர்மின் தன்மை கொண்டவை என்பதால் கூடுதலாகத் தள்ளிவிடப்படும். அல்புமின் சிறுநீரில் அளவுக்கு மேல் தெரிந்தால் இந்தச் சுவரில் எங்கோ பழுது என்று டாக்டர் சந்தேகப்படுவது இதனால்தான்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதே ஒரு நல்ல கதை. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் பௌமன் 1842இல் இந்த அமைப்பை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். ஆனால் நுண்குழலின் செல்கள்தான் கழிவுகளைச் சுரக்கின்றன, குளோமெருலஸிலிருந்து வெறும் தண்ணீர் வந்து அவற்றைக் கழுவிக்கொண்டு போகிறது என்பது அவருடைய கணிப்பு. ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியில் கார்ல் லுட்விக், எல்லாம் அழுத்தத்தால் வடிந்துதான் வருகிறது என்றார். சண்டை எண்பது வருடம் ஓடியது. 1924இல் அமெரிக்காவில் ஜோசப் வேர்ன், ஆல்ஃபிரட் நியூட்டன் ரிச்சர்ட்ஸ் இருவரும் ஒரு தவளையின் சிறுநீரகத்தில், நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே, தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியைப் பௌமன் கிண்ணத்துக்குள் செலுத்தி அங்கிருந்த நீரைத் துளியளவு உறிஞ்சினார்கள். அதில் புரதம் இல்லை. ஆனால் சர்க்கரை இருந்தது, குளோரைடு இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இருந்த சிறுநீரிலோ சர்க்கரை இல்லை. வடிவதும் உண்மை, வடிந்ததை வழியில் யாரோ திரும்ப எடுப்பதும் உண்மை என்று ஒரே சொட்டில் தெரிந்துவிட்டது.

திரும்ப எடுக்கும் வேலை கிண்ணத்தைத் தாண்டியதும் ஆரம்பித்துவிடும். வடிந்த தண்ணீரிலும் உப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு, நுண்குழலின் முதல் பகுதியிலேயே ரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு நாளில் வடிகிற உப்பு மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அதில் சில கிராம்களைத் தவிர மற்றதெல்லாம் உடம்புக்கே திரும்ப வேண்டும். இதற்காக அந்தச் செல்கள் சோடியத்தை இரவு பகலாகப் பம்ப் அடிக்கின்றன. சிறுநீரகம் இவ்வளவு ஆக்சிஜன் செலவழிப்பது வடிகட்டுவதற்கு இல்லை. அழுத்தத்தை இதயம் இலவசமாகத் தந்துவிடுகிறது. செலவெல்லாம் திரும்ப எடுக்கத்தான்.

சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸ் வடிகிறது. ஆரோக்கியமான ஆளுக்கு ஏறக்குறைய அவ்வளவும் திரும்பிவிடும். ஆனால் அதைத் தூக்கிப்போகிற புரதங்களுக்கு ஒரு எல்லை இருக்கிறது. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டும்போது அவற்றால் ஈடுகொடுக்க முடியாமல் மிச்சம் சிறுநீரில் வழிய ஆரம்பிக்கும். அந்தச் சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் அடிக்கடி சிறுநீர் கழிக்கிறார்கள், தாகமும் எடுக்கிறது. இப்போது பலரும் சாப்பிடுகிற டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இந்தத் தூக்கிப்போகும் புரதத்தைத்தான் தடுக்கின்றன. சிறுநீரில் சர்க்கரை போவது நோயின் அடையாளம் என்றிருந்த காலம் போய், வேண்டுமென்றே போகவிடுவது சிகிச்சையாகிவிட்டது.

சில பொருள்களை வடிவதற்காகக் காத்திருக்காமல், நுண்குழல் ரத்தத்திலிருந்து நேராகவே எடுத்துச் சிறுநீரில் போட்டுவிடும். பென்சிலின் அப்படிப்பட்டது. 1941இல் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அதைக் கொடுத்தபோது கையிருப்பு மிகக் குறைவு. மருந்தோ உடம்பில் தங்காமல் வெளியேறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பென்சிலினைப் பிரித்து அவருக்கே திரும்பப் போட்டார்கள். அதுவும் தீர்ந்துபோனதில் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்தது ஹென்லே வளைவு. கொண்டை ஊசி போல் கீழே இறங்கித் திரும்பி மேலே ஏறும் குழல். இறங்கும் பக்கம் தண்ணீரை விடும், ஏறும் பக்கம் தண்ணீரை விடாது, உப்பை மட்டும் வெளியே பம்ப் செய்யும். இந்த ஏற்பாட்டால் சிறுநீரகத்தின் உட்பகுதி ஆழம் போகப் போக உப்புக் கரிக்கும்; அடி ஆழத்தில் ரத்தத்தைப்போல நான்கு மடங்கு செறிவு. பாடப்புத்தகத்தில் எல்லோரும் தாண்டிப்போகிற இடம் இது. ஆனால் சிறுநீரைச் சுண்டவைக்கிற சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. இந்த நான்கு மடங்குதான் மனிதச் சிறுநீரின் உச்சவரம்பும். கடல்நீர் ஏற்கெனவே ஏறக்குறைய அந்தச் செறிவில் இருப்பதால், அதைக் குடித்தால் உள்ளே போனதைவிட அதிகத் தண்ணீரைச் செலவழித்துத்தான் உப்பை வெளியேற்ற முடியும். நடுக்கடலில் தாகத்துக்குக் கடல்நீரைக் குடிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

கடைசியாகச் சேகரிப்பு நாளம். முன்னே சொன்ன ஹார்மோன் வேலை செய்வது இங்கே. ரத்தம் கொஞ்சம் செறிவானால் மூளை உணர்ந்து வாசோபிரசினை விடும். அது வந்ததும் நாளத்தின் செல்கள் அக்வாபோரின் என்கிற தண்ணீர்க் கதவுகளைத் தங்கள் சுவரில் கொண்டுவந்து பதிக்கும். சுற்றியிருக்கிற உப்புச் செறிவு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, சிறுநீர் அளவில் குறைந்து அடர்த்தியாகிவிடும். நிறையத் தண்ணீர் குடித்தால் ரத்தம் நீர்த்து, ஹார்மோன் குறைந்து, கதவுகள் உள்ளே போய்விடும். தண்ணீர் திரும்பாமல் அப்படியே வெளியேறும். மது குடித்தவர்கள் குடித்ததைவிட அதிகமாகச் சிறுநீர் கழிப்பதற்கும் இந்த ஹார்மோன் மட்டுப்படுவதே காரணம். அக்வாபோரினைக் கண்டுபிடித்த பீட்டர் ஏகருக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு சிறுநீர்க்குழாய் அலை அலையாகச் சுருங்கிப் பைக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான்.

இப்படி எல்லாவற்றையும் கொட்டி அள்ளுவது வீண் வேலையாகத் தோன்றலாம். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் படுகிறது. கெட்டதைத் தேடிப் பிடிக்கிற ஏற்பாடாக இருந்தால், உலகத்தில் உள்ள ஒவ்வொரு நச்சுக்கும் தனித்தனி ஆள் வைக்க வேண்டியிருக்கும். இங்கே வேண்டியவற்றின் பட்டியல் மட்டும் போதும். முன்பின் பார்த்திராத பொருள் ரத்தத்தில் வந்தாலும், அது வடிகிற அளவில் இருந்து யாரும் திரும்ப எடுக்காவிட்டால், தானே போய்விடும்.

எங்கள் டயாலிசிஸ் மெஷினிடம் இல்லாததும் இந்தத் திரும்ப எடுக்கும் திறமைதான். டயலைசர் என்கிற அந்த உருளைக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்கள். அவற்றுக்குள் ரத்தம், வெளியே எதிர்த்திசையில் ஒரு திரவம். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 4 மணி நேரத்தில் 120 லிட்டர் திரவம் ஓடிவிடும். தப்பிப் போவதைப் பிடித்துத் தர ஆள் இல்லாததால், போகக் கூடாததை நாங்கள் முன்கூட்டியே அந்தத் திரவத்தில் கலந்துவைக்கிறோம். சோடியம் ரத்தத்தில் உள்ள அளவுக்கே இருக்கும். பொட்டாசியம் குறைவாக இருக்கும், அது ரத்தத்திலிருந்து இறங்கிவர வேண்டும் என்பதற்காக. பைகார்பனேட் கூடுதலாக இருக்கும், அது ரத்தத்துக்குள் ஏற வேண்டும். யூரியா துளியும் இருக்காது. அப்படியும் வாரத்துக்கு மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம் செய்துதான் ஒப்பேற்ற முடிகிறது.

மஞ்சள் நிறம் பாக்கி. வயதான சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் உண்டாகிறது. ஈரல் அதைக் குடலுக்கு அனுப்ப, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நிறமில்லாத யூரோபிலினோஜனாக மாற்றுகின்றன. அதில் ஒரு பங்கு ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக வெளியேறி, யூரோபிலினாக மாறும்போது மஞ்சளாகிறது. பிலிருபினை யூரோபிலினோஜனாக மாற்றுகிற பாக்டீரியா நொதி எது என்பது 2024இல்தான் தெரியவந்தது.

பரிசோதனை ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு படிப்பவர்களுக்கு ஒன்று. கிரியேட்டினின் என்பது தசைகளிலிருந்து ரத்தத்துக்கு வருகிற ஒரு கழிவு; வடிந்தால் அது திரும்ப எடுக்கப்படுவதில்லை. அதனால்தான் அதை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஆனால் வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்த பிறகும் அந்த எண் சிலருக்கு நார்மல் எல்லைக்குள்ளேயே நிற்கும். சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருப்பவர்கள் கிரியேட்டினின் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாமல், வடிகட்டும் திறனைக் கணக்கிட்டுச் சொல்கிற இஜிஎஃப்ஆர் (eGFR) எண்ணையும் சிறுநீரில் அல்புமின் பரிசோதனையையும் டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் விழுகிற ஓட்டை பெரும்பாலும் முதலில் தெரிவது அந்த அல்புமினில்தான்.