கிட் கார் கட்ட எந்தப் பழைய காரை வாங்குவது?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். லோட்டஸ் செவன் (திறந்த, சிறிய இருவர் கார்) மாதிரியான ஒரு கிட் காரை, அதாவது தயாரிப்பாளர் தரும் பாகத் தொகுப்பை வைத்து நாமே கட்டும் காரை, எங்கள் கராஜிலேயே கட்ட வேண்டும் என்று எனக்கும் கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் ஆசை. எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரு பழைய காரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எங்களிடம் சும்மா நிற்கும் நிசான் மைக்ரா போதுமா? இல்லையென்றால், பளபளவென்று இருக்கும் மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். வாங்கலாமா?

பதில்: மைக்ராவை விட்டுவிடுங்கள். அதில் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்து முன் சக்கரங்களை இழுக்கிறது. செவன் வகைக் காரில் எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரங்களைத் தள்ள வேண்டும். முன்சக்கர இழுவைக் காரின் எஞ்சினை அப்படியே தூக்கி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைக்கிற கிட்களும் உண்டு. ஆனால் நீங்கள் ஆசைப்படுகிற கார் அது இல்லை.

ஒரு காலத்தில் இந்த வேலைக்கு ஃபோர்டு எஸ்கார்ட்டைத்தான் தேடினார்கள். பின்சக்கர எஸ்கார்ட்டுகள் 1980-உடன் நின்றுபோயின. இன்று அவற்றைச் சேகரிப்பவர்கள் கொடுக்கிற விலைக்கு, உடைப்பதற்கு யாருக்கும் மனசு வராது. அடுத்து வந்தது ஃபோர்டு சியாரா. 1993-இல் அதுவும் முடிந்தது. இப்போது நல்லதாகக் கிடைப்பது அபூர்வம். பிஎம்டபிள்யூ 3 சீரிஸுக்கும் கிட்கள் இருக்கின்றன. ஆனாலும் முதல்முறை கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது எம்எக்ஸ்-5தான். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் (எஞ்சின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி), நான்கு சக்கரத்துக்கும் விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் கவை வடிவக் கை) சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக் எல்லாம் ஒரே காரில் கிடைத்துவிடும். நான்கு இடங்களில் அலைந்து வாங்கிய பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றுபோன கிட் கார்கள் எத்தனையோ கராஜ்களில் தூசி படிந்து கிடக்கின்றன.

ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பளபளப்பான கார் வேண்டாம். அந்தப் பெயின்டுக்கும் கதவுக்கும் இருக்கைக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். அவற்றையெல்லாம் நீங்கள் கழற்றிப் போடப் போகிறீர்கள். குளிர்காலம் முழுக்க சாலையில் உப்புத் தூவுகிற நாடு இது. எம்எக்ஸ்-5-க்குத் துரு பிடிப்பது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதியிலும் பின் சக்கர வளைவிலும். அந்த ஓட்டையால் எம்ஓடி என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையில் தோற்று, வெல்டிங் செலவுக்குப் பயந்து விற்கிற கார்தான் உங்களுக்கானது. அதன் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், உரிமையாளருக்கோ அது தலைவலியாகியிருக்கும். பதிவு எண்ணைப் போட்டால் அரசு இணையதளத்தில் பழைய எம்ஓடி முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். எந்த வருடம் எதில் தோற்றது, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்று எல்லாம் வரும். நேரில் போவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

முதல் தலைமுறையில் 1.6, 1.8 என்று இரண்டு எஞ்சின்கள். தொடக்க கால 1.6-க்கு 115 குதிரைத்திறன். பிரிட்டனில் 1995 வாக்கில் வந்த 1.6-க்கு அதை 90 ஆகக் குறைத்துவிட்டார்கள். வாங்கும் முன் எது என்று கேளுங்கள். 1.8-இல் டிஃபரென்ஷியலும் பெரியது, உறுதியானது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் 1.8 எடுங்கள். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், ஒரு டன் காரை இழுத்த எஞ்சின் 600 கிலோ சுற்றியுள்ள கிட் காரைப் பறக்க வைக்கும். ஜப்பானிலிருந்து வந்த யூனோஸ் என்ற பெயருள்ள எம்எக்ஸ்-5 கார்களில் துரு பெரும்பாலும் குறைவு. ஆனால் ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் இருக்கும். அதை மைல் காட்டும்படி மாற்ற வேண்டும்.

இன்னொரு விஷயம், ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். எம்ஓடி இல்லாத கார் என்றால் சாலையில் வேண்டாம், தனியார் இடத்தில் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டாவது கியர் குளிரில் கொஞ்சம் முரண்டு பிடிப்பது இந்தக் காரின் சுபாவம்தான், சூடான பிறகும் கரகரத்தால்தான் பிரச்சினை. பின்னாலிருந்து வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் கேட்டால் டிஃபரென்ஷியல் போய்க்கொண்டிருக்கிறது. அப்புறம் ஒரு டார்ச்சோடு கீழே படுத்துப் பாருங்கள். விஷ்போனை சப்ஃபிரேமோடு (சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டம்) பிடித்திருக்கும் நீளமான போல்டுகள், புஷ் என்ற ரப்பர் வளையத்துக்குள்ளிருக்கும் உறையோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். என் காரில் நான்கில் மூன்று அசையவே இல்லை. எண்ணெய் ஊற்றி, சூடுகாட்டி, கடைசியில் ரம்பத்தால் அறுத்தேன். இரண்டு வார இறுதிகள் அதற்கே போயின. போல்டு ஒட்டியிருப்பதற்காகக் காரை வேண்டாமென்று சொல்ல வேண்டியதில்லை. புது போல்டு, புஷ் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

மிக முக்கியமானது: முதலில் கிட்டை முடிவு செய்யுங்கள், அப்புறம் கார். ஒரு கிட் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-க்கு என்று இருக்கும், இன்னொன்று இரண்டாம் தலைமுறையையும் ஏற்கும். தயாரிப்பாளரிடம் பாகப் பட்டியலை வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு கார் தேடுங்கள்.

கேள்வி: விபத்தில் அடிபட்ட எம்எக்ஸ்-5 ஒன்று பாதி விலைக்கு வருகிறது. லாக்புக் (வண்டியின் பதிவு ஆவணம்) தொலைந்துவிட்டது என்கிறார் விற்பவர். எப்படியும் உடைக்கப்போகிற காருக்கு லாக்புக் எதற்கு?

பதில்: உடைக்கப்போவதால்தான் அது அவசியம். கிட் தயாரிப்பாளரின் புதிய சேசிஸோடு, ஒரே பழைய காரின் இரண்டு முக்கிய பாகங்களாவது இருந்தால், அந்தக் காரின் வயதுக்கேற்ற பதிவு எண்ணை டிவிஎல்ஏ (வாகனப் பதிவு அமைப்பு) கொடுக்கும். நிரூபிக்க முடியாவிட்டால் கிடைப்பது 'கியூ' எண். வண்டியின் வயது தெரியாது என்று ஊருக்கே சொல்கிற எண் அது, விற்கும்போது விலையை இறக்கிவிடும். சாலைக்கு வருமுன் நடக்கும் ஐவிஏ சோதனையில் புகை அளவை எஞ்சினின் வயதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதற்கும் ஆதாரம் வேண்டும். பதிவில் பெயருள்ளவர் மாற்று லாக்புக்குக்கு விண்ணப்பித்து வாங்கலாம். அவரை அதை முடிக்கச் சொல்லுங்கள், வந்த பிறகு பணம் கொடுங்கள். "நான் வேறொருவரிடம் வாங்கினேன்" என்று ஆரம்பித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

எங்கே அடிபட்டது என்றும் பாருங்கள். பின்பக்கம் பூட் மட்டும் நசுங்கியது என்றால் நமக்கு நஷ்டமில்லை. முன் சக்கரத்தில் அடி என்றால் விஷ்போன், ஹப், சப்ஃபிரேம், ஸ்டீயரிங் ரேக் எல்லாம் வளைந்திருக்கலாம், அவற்றுக்காகத்தானே காரையே வாங்குகிறீர்கள்? காப்பீட்டு நிறுவனம் 'கேட்டகரி பி' என்று முத்திரை குத்திய காரை வாங்காதீர்கள். அதன் பாகங்களை எடுக்கலாம், உடற்கூட்டை நசுக்கியே ஆக வேண்டும், அந்த வண்டி மீண்டும் சாலைக்கு வரக்கூடாது, அதனால் பதிவுக்கு அதை நம்ப முடியாது. 'எஸ்', 'என்' (பழுது பார்த்துச் சாலைக்குக் கொண்டுவரக்கூடியவை) என்றால் யோசிக்கலாம். கடன் பாக்கி உள்ளதா என்று கொஞ்சம் பணம் கட்டிச் சரிபார்த்துவிடுங்கள். பாக்கி இருந்தால் கார் ஃபைனான்ஸ் நிறுவனத்துடையது.

தனிநபரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 30 நாள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை, அது வியாபாரிகளிடம் வாங்கும்போதுதான். தனிநபரும் பொய் சொல்லி விற்கக் கூடாது. அதனால் விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாகங்களை எடுத்தபின் மிஞ்சுவதை என்ன செய்வது?

பதில்: விற்றுவிடுங்கள். ஹார்டுடாப் (கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை) இருந்தால் அதற்கு நல்ல விலை வரும். இருக்கை, கதவு, விளக்கு, துணிக் கூரை எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. பொறுமையாக விற்றால் கார் வாங்கிய பணத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். ஆனால் உங்கள் கார் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்வரை வயரிங், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), சாவி, இக்னிஷன் பூட்டு எதையும் கொடுத்துவிடாதீர்கள். வயரிங்கைக் கத்தரிக்காமல், ஒவ்வொரு இணைப்பிலும் பெயர் எழுதிய டேப் ஒட்டிக் கழற்றுங்கள். அந்த வேலையை மகளிடம் கொடுங்கள், முழு காரின் மின்சாரமும் அவருக்கு மனப்பாடமாகிவிடும்.

வெறும் கூட்டைப் பழைய இரும்புக்குப் போடும்போது, கொடுப்பது கூடு மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லுங்கள். லாக்புக் உங்களிடமே இருக்கட்டும். இங்கிலாந்தில் பழைய இரும்புக்கு ரொக்கம் கொடுப்பது சட்டப்படி தடை. வங்கிக் கணக்கில்தான் போடுவார்கள், அந்த ரசீதையும் கோப்பில் சேர்த்து வையுங்கள்.